பகலில் விழுந்த தாழ்ப்பாள்

போன வாரம் மும்பையில் செம்பூரை ஒட்டிய ஒரு மறுகுடியேற்றக் கட்டடத்தில், ஏழாவது மாடியில் மணியை அடித்துவிட்டு நின்றேன். உள்ளே ஒரு தாழ்ப்பாள் விலகியது, பிறகு இன்னொன்று, பிறகு சங்கிலி. இசக்கியம்மா இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. புருஷன் ஒடித்தது. இந்த வேலையில் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் இந்தக் கை ஒடியும் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை. ஏன் என்று சொல்ல, உங்களைத் தாராவிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அப்போது நான் சமூகப் பணி படித்து முடித்த சூடு ஆறவில்லை. எங்கள் வீடு இருந்த மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். வீட்டிலோ என்னவோ நான் போர்முனைக்குப் போவதைப் போல வழியனுப்புவார்கள். இசக்கியின் சந்தில் இட்லி ஆவியும் பதனிட்ட தோலும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள்.

இசக்கி என் முதல் கேஸ். படிப்பில் சொல்லித்தந்தபடியே ஒரு தாளில் அவளை நடுவட்டத்தில் வைத்து, சுற்றிலும் புருஷன், தாய்வீடு, வேலையிடம் என்று வட்டங்கள் போட்டேன். யார் துணையோ அவர்களுக்குத் தடித்த கோடு இழுக்க வேண்டும். ஒரு கோடும் தடிக்கவில்லை. அவளைத் தனியாகப் பேச வைக்க வேண்டும், பேசுவது அடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது, அது எங்களுக்கு வேதம். சந்திலோ எல்லாக் கதவும் பகல் முழுக்க ஆவென்று திறந்து கிடக்கும். நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"மேடம், சாத்தாதிய" என்று இசக்கி பதறினாள். பயப்படாதே என்று பாடப்புத்தகக் குரலில் ஆரம்பித்தேன்.

முடிக்கவில்லை. தகரக் கதவு தாழ்ப்பாளோடு பிய்த்துக்கொண்டு வந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், முழங்கை வரை இட்லி மாவும் கையில் விறகுக்கட்டையுமாக. அவளுக்குப் பின்னால் சந்துப் பெண்கள் அத்தனை பேரும். கட்டை என் தலைக்கு மேலே நின்றது. என் உயிர் என்னிடம் இல்லை.

"நீங்களா? அவன்லா வந்துட்டான்னு நெனச்சேன்" என்று கட்டையை இறக்கினாள்.

இசக்கியின் புருஷன் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் அடிப்பானாம். ஆகவே பகலில் அந்தத் தாழ்ப்பாள் விழுந்தால், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஒருமுறை அவனே அந்தக் கட்டையைப் பார்த்தான். அதோடு, அந்தச் சந்து இருந்தவரை இசக்கி மேல் அடி விழவில்லை. என் தாளில் பொன்னுத்தாய்க்கு ஒரு வட்டம் போட்டு, பேனா கிழிக்கிற அளவுக்குக் கோடு இழுத்தேன்.

பிறகு அந்தச் சந்து வீடுகளை இடித்தார்கள். இரண்டு பேருக்கும் புதுக் கட்டடத்தில் அடுத்தடுத்த வீடு கிடைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கோடு அப்படியே இருக்கிறது என்று நம்பினேன்.

போன வாரம் இசக்கியிடம் இனி ஆக வேண்டியதைப் பேசிவிட்டு, பக்கத்து மணியை அடித்தேன். மறுபடியும் தாழ்ப்பாள், சங்கிலி. பொன்னுத்தாய் நரைத்திருந்தாள். கை ஒடிந்த மறுநாள் காலையில் இசக்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளே இவள்தான். ஒற்றைச் சுவர்தானே நடுவில், உனக்குக் கேட்கவில்லையா என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு மேடம். இங்க எல்லாக் கதவும் எப்பவும் சாத்தித்தான கெடக்கு. எந்தச் சத்தத்துக்குன்னு நான் ஓட?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் திட்ட வந்த நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. சட்டென்று திரும்பினேன். அந்த நீண்ட வராந்தாவில், அது எந்த வீடு என்று எனக்கும் தெரியவில்லை.