ஒரு கிழமைத் தேகப்பயிற்சியை ஒரே காலையில் முடித்த கதை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், பண்டத்தரிப்பிலிருந்து சங்கானைப் பக்கம் போகும் வழியில் வயல்வெளி நடுவே ஒரு தெரு.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். எந்தச் சுற்றறிக்கையில் எந்தப் பந்தி என்ன சொல்கிறது என்று நித்திரையிலும் சொல்வேன். அந்த அறிவுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

எனக்கு இரத்தப் பிரசர். யுத்த காலம், மருந்துக் குளிசைக்குத் தட்டுப்பாடு என்பதால் ஒன்றை இரண்டாக முறித்து விழுங்கிக்கொண்டிருந்தேன். நாளாந்தம் அரை மணித்தியாலம் ஆறுதலாகச் சைக்கிள் ஓடும்படி டொக்டர் சொல்லியிருந்தார். திங்கள் முதல் சனி வரை எனக்கு அது வசதிப்படவில்லை. காரணம், சாய்மனைக் கதிரை. ஆகவே தேங்கிய கோப்புகளை ஒரே இருப்பில் முடிப்பது போல, ஏழு அரை மணித்தியாலங்களையும் சேர்த்து ஞாயிறு காலையில் ஓடுவதென்று தீர்மானித்தேன். அப்படிச் செய்யக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மனைவி மட்டும், "அப்ப நானும் கிழமைக்கு ஒருக்கால் சமைக்கிறன். இருபத்தொரு நேரச் சோத்தையும் ஒண்டாய் இருந்து தின்னுங்கோ" என்றாள். அந்த ஆட்சேபனையை நான் ஏற்கவில்லை.

அது மூன்றாவது ஞாயிறு. எதிர்காற்று. விட்டுக்கொடுக்காமல் எழுந்து நின்று மிதித்தேன். முதலில் தாடை வலித்தது. பல் என்று நினைத்தேன். பிறகு நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. இடது கை என்னுடையது மாதிரியே இல்லை. வியர்வை குளிர்ந்தது. சைக்கிளோடு சேர்ந்து மதகடியில் விழுந்தேன்.

இரண்டு பக்கமும் வெறும் வயல். ஒரு மனிதரும் இல்லை. வாகனமும் வராது, பெற்றோலைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படி எனக்குத் தெரியும். முதலாவது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. அதற்கு மேல் அந்த வரிசை உதவவில்லை. காதுக்குள் இதயம் கண்டபடி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு, அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். ஷெல் விழுந்த நாட்களிலும் நான் அப்படிப் பயந்ததில்லை. அப்போது ஓடிப் பதுங்க ஒரு குழி இருந்தது. இது எனக்கு உள்ளேயே இருந்தது.

கடைசியில் ஒரு மீன் வியாபாரி சைக்கிளில் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஐயா, என்ன செய்யுது?"

நெஞ்சைக் காட்டிவிட்டு, எழுந்து சைக்கிளைப் பிடிக்கப் பார்த்தேன்.

"விசர் வேலை பாக்காதேங்கோ. ஒரு அடி வைக்கப்படாது."

தன் சைக்கிள் கரியரில் இருந்த மீன்பெட்டியை அவிழ்த்து மதகில் இறக்கினார்.

"மீன்..." என்றேன்.

"அது செத்துத்தான் கிடக்கு. நீங்கள் ஏறுங்கோ."

என்னைக் கரியரில் இருத்தி, பெட்டி கட்டிய கயிற்றாலேயே தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். காற்றுக்கு எதிரே ஒரே சீராக மிதித்தார். என் காது அவர் முதுகில் பதிந்திருந்தது. உள்ளே அவருடைய இதயம் அவசரமில்லாமல் அடிப்பது கேட்டது. ஆஸ்பத்திரி வரும்வரை அந்தச் சத்தத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆபத்து நீங்கியது என்றார்கள். அன்று அவர் என்னைப் பார்க்க வந்தார். மீனைப் பற்றிக் கேட்டேன்.

"நாயளுக்கு அண்டைக்குக் கலியாண வீடு. அதை விடுங்கோ, எனக்கும் பத்து வருசமாய்ப் பிரசர்தான் ஐயா."

கட்டிலருகே நின்ற டொக்டரைப் பார்த்தேன். அவருக்கும் பிரசர், அவரும் மிதிக்கிறார், விழுந்தது நான் மட்டும்; பிழை பிடிக்க ஓர் இடம் கிடைத்தது போலிருந்தது.

டொக்டர் சிரிக்கவில்லை. "இரத்தத்திலை குருதிச் சிறுதட்டு எண்டு இருக்கு. காயம் பட்டால் ஒண்டோடொண்டு ஒட்டி இரத்தத்தை நிப்பாட்டுறது அதுதான். பிரசர்காரரிட்டை அதுக்குக் கொஞ்சம் முன்கோபம். ஒவ்வொரு நாளும் அளவாய் ஓடினால் அடங்கிப்போகும். என்னட்டை மருந்தெடுக்கிற இவர் குளிசையும் போட்டு, மீன்பெட்டியோடை நாள் தவறாமல் ஓடுறார். நீங்கள் ஆறு நாள் படுத்திருந்திட்டு ஏழாம் நாள் உடம்பை முறிச்சால், அது காயமில்லாத இடத்திலையும் ஒட்டி, நெஞ்சுக்குப் போற இரத்தக் குழாயை அடைக்கும். பேனை பிடிச்ச மனிசனுக்கு, நாளாந்தம் எண்ட சொல்லு விளங்கேல்லையோ?"

வீடு வந்ததும் சைக்கிளை விட்டு, நாள் தவறாமல் நடக்கத் தொடங்கினேன்.

இவ்வளவு காலமாகியும், மழை என்றோ களைப்பு என்றோ ஒரு நாள் நடையைத் தள்ளிவைக்க நினைத்தால் மதகடியில் கிடந்த பயம் திரும்பி வந்துவிடுகிறது; அந்தப் பயம் ஒரு நாள் என்னை விட்டுப் போய், நான் திரும்பவும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடுவேனோ என்பதுதான் இப்போது என் பயம்.