இரண்டு முழங்காலும் ஒரே இடத்தில்

விஜயகலாவுக்கு வயது இருபத்தொன்று. லயத்து வீட்டுப் படியில் இறங்கும்போது மட்டும் அறுபது. சுவரைப் பிடித்து ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, பிறகுதான் அடுத்த படி. நோவு முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே. ஏழு மாதமாக அங்கேயே குடியிருக்கிறது.

எஹலியகொடைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டுகிறாள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் முந்நூறு மரம். அவளுடைய மரங்களில் வெட்டு இறங்கி இறங்கி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மரத்தடியிலும் குந்தி எழும்ப வேண்டும். பாலை எடுத்து வாளி சுமந்து இறங்க மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்துவிட்டு, நாலு மணிக்கு ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போவாள். கரப்பந்து. எம்பி அடிப்பதில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நாள் முழுவதிலும் அவள் தனக்கென்று செய்வது அது ஒன்றுதான்.

அந்த மைதானத்துக்கே ஓர் ஆபத்து இருந்தது. போன வருஷம் ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்கு விரல் முறிந்து, மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் தருமலிங்கம் யாழ்ப்பாணத்து ஆள், சொன்னதைச் செய்கிறவர். பெரட்டில் வைத்தே சொன்னார்: "இனி ஒருத்திக்குப் பந்தால காயமெண்டு கேள்விப்பட்டனோ, கிரவுண்டில றப்பர் கண்டு நட்டுப்போடுவன்."

அதனால் விஜயகலா நோவை மறைத்தாள். தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் மலையில் வழுக்கி விழுந்ததாகவே சிங்களத்தில் சொன்னாள். வேலையில் விழுந்தது என்றால் பந்துக்குப் பழி இல்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், எலும்பு சரியாக இருந்தது. மூன்று நாள் லீவும் குளிசையும் கொடுத்தார். நாலாம் நாள் மரம், பந்து, நோவு எல்லாம் பழையபடி. இன்னொரு தடவை போனாள், அதே பொய், அதே குளிசை.

தோட்டங்களுக்கிடையிலான போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. டீம் கேப்டன் தனுஜா அவளை விடுவதாக இல்லை.

"என்னடி, கெழவி மாதிரி எறங்குற. கம்பு ஒண்ணு வெட்டித் தரவா?"

"தா. மொத அடி ஒன் மண்டையிலதான்."

"அடிக்கிறத பந்துல அடி. நீ எம்பலைன்னா நாங்க போயி சும்மா கையத்தட்டிட்டுத்தான் வரணும்."

அன்று பின்னேரம் எம்பி இறங்கியவளால் அடுத்த பந்துக்கு நகர முடியவில்லை. சப்பாத்து நாடா கட்டுகிறவள்போல் குந்தப் பார்த்தாள், அதற்கும் கால் மடங்கவில்லை.

மூன்றாம் தடவை டாக்டர் அவளை உடற்பயிற்சி சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் நிலக்சி, வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவள். இவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"எங்க நோகுது?"

"மொழங்காலுங்க மிஸ். மலையில விழுந்துட்டேன்."

"எந்தக் கால்?"

"ரெண்டுந்தாங்க."

நிலக்சி பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் ஒரே புள்ளியில் விஜயகலா பல்லைக் கடித்தாள்.

"ரெண்டு காலிலயும் அளந்து வச்ச மாதிரி ஒருத்தரும் விழுறேல்ல. என்ன விளையாடுறனீர்?"

விஜயகலா உடுப்பை இழுத்து முழங்காலை மூடினாள்.

"நான் பொலிஸ் இல்ல, சொல்லும்."

"வொலிபோல். அத எழுதிறாதீங்க மிஸ், கிரவுண்ட மூடிருவாங்க."

"சரி, பந்தை விடும். காலமை தொடக்கம் என்ன வேலை செய்யிறீர்? செய்து காட்டும்."

விஜயகலா மேசைப் பேனையைப் பால்கத்தியாகப் பிடித்துக் கட்டில் காலடியில் குந்தினாள். ஓர் இழுப்பு. கட்டிலைப் பிடித்து எழும்பி, இரண்டு எட்டு வைத்து, மறுபடி குந்தினாள். நாலாவது தடவையில் நிலக்சி போதும் என்றாள்.

"இப்பிடி எத்தினை?"

"முந்நூறுங்க."

"இதுக்குப் பிறகு போய்ப் பாயிறீர்."

"ஆமாங்க."

"பாதியைச் சொல்லிப் பாதியை ஒளிச்சால் ஆர் வந்து மாத்துறது? நான் ரெண்டையும் எழுதப்போறன். ஆறு கிழமைக்குக் குந்தவும் கூடாது, பாயவும் கூடாது."

"போட்டி மூணு வாரத்துலங்க."

"அது உமக்கு இல்ல."

பஸ்ஸில் வரும்போது நிலக்சி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். இறங்கும் இடத்தில் கால் மடங்க மறுத்தது. ஒரு சிங்கள அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். அதற்குமேல் கிழிக்கிற எண்ணம் வரவில்லை.

மறுநாள் பெரட்டு கலைந்த பிறகு கண்டக்டரிடம் துண்டை நீட்டினாள்.

"பந்தோ?"

"பந்துந்தாங்க ஐயா, மரமுந்தாங்க. ரெண்டும் எழுதியிருக்கு."

தருமலிங்கம் இன்னொரு தடவை வாசித்தார். பந்துக்காக இதைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொண்டுபோனால் அதே வரியில் மரமும் போகும். அந்த மலையில் இருபது பேர் குந்தி வெட்டுகிறார்கள். எல்லாருடைய முழங்காலையும் பற்றி யாராவது கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எத்தினை நாளா?"

"ஏழு மாசமுங்க."

"ஏழு மாசம் வாயை றப்பர் பாலால ஒட்டி வச்சிருந்தனியோ? ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போ. பழைய மரம், நிண்டு வெட்டலாம். ஆறு கிழமைக்குக் கிரவுண்டுப் பக்கம் உன்னைக் காணக்கூடாது."

"கிரவுண்டு இருக்குங்களா ஐயா?"

"உன்னைக் காணக்கூடாதெண்டுதான் சொன்னனான்."

அது போதும் அவளுக்கு.

ஒன்பதாம் நம்பரில் வெட்டு தலைக்கு மேலே. முழங்கால் கொஞ்சம் அடங்கியது, மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தனுஜா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, தோற்ற கதையை ஒரு பந்து விடாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு ஸ்டோர்ப் பக்கமிருந்து பந்துச் சத்தம் கேட்கும். விஜயகலா வாசலில் கிடக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மிஸ் சொன்னபடி ஒரு காலை நீட்டிப் பத்து எண்ணுவாள். பிறகு மறு கால். ஆறு கிழமையில் இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கிறது.