பரலுக்குள் ஓடிய எஞ்சின்

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் எஞ்சின் ஆய்வுகூடத்துக்குப் பின்னால், சைக்கிள் விடுகிற கொட்டிலோடு ஒட்டி, ஒரு நீலப் பரல், எண்ணெய் வந்த பழைய பீப்பாய், நிற்கிறது. வாயை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து, விளிம்பில் ஒரு தடித்த பலகை பூட்டியிருக்கும். எங்கள் வடமராட்சிக் கரையில் எஞ்சின் திருத்துகிற எந்த வளவுக்குப் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். படகு எஞ்சினைப் பலகையில் கொளுவி, பரலுக்குள் தண்ணீர் விட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஸ்டார்ட் வருகிறதா, தண்ணீர் சுற்றி எஞ்சினைக் குளிர வைக்கிறதா என்று பார்க்கத்தான் அது. அதற்கு மேல் அந்தப் பரலை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் பகுதித் தலைவர். எல்லோரும் அவரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம்.

சேர் போன மாதம் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், போடுவதற்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் போன் எடுத்துக் கேட்டார். நல்ல பிள்ளை. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று தரம் எழுத இருந்தேன், மூன்று தரமும் எழும்பினேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள். ஏன் கூடாது? உயிரோடு இருந்தவனைப் பற்றி அவர் சொன்னது மட்டும் கூடுமோ?

அவர் புத்தூர்ப் பக்கத் தோட்டக்காரக் குடும்பம். எஞ்சின் என்றால் அவருக்கு முதலில் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைக்கிற மெசின்தான். அது நின்ற இடத்தில் நிற்கும், ஒரே சுமையை இழுக்கும், ஒரே அளவாய் மண்ணெண்ணெய் குடிக்கும். கெட்ட மனிதர் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரும்பலகையில் அவர் எரிதலை விளக்கினால் எரிகிற மணமே வரும். இத்தனை எண்ணெய் எரிந்தால் இத்தனை வெப்பம், அதில் எவ்வளவு புகையோடு போகிறது, எவ்வளவு தண்டுக்கு வருகிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பார். அவர் ஓயாமல் சொல்லுகிற பேச்சு ஒன்று இருந்தது. "விடை வந்திட்டுது எண்டு துள்ளாதை. அப்பிடி ஒண்டு உலகத்திலை நடக்குமோ எண்டு முதல் பார்." இதைப் பார்க்காத பெடியனை அவர் ஈவிரக்கம் இல்லாமல் பெயிலாக்கியிருக்கிறார். நான் கூட நின்று கண்டிருக்கிறேன்.

நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், ஒரு படகுக்கு ஒரு முறை தொழிலுக்குப் போய்வர எவ்வளவு மண்ணெண்ணெய் வேண்டும் என்று பங்கீட்டுக் குழு எங்களிடம் கணக்குக் கேட்டது. சேர் ஒரு படகு எஞ்சினை எடுப்பித்து இந்தப் பரலில் பூட்டுவித்தார். அளவுக் கண்ணாடிக் குழாயில் எண்ணெயை விட்டு, கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நின்றார். முழு வேகத்தில் ஓட்ட முடியாது. ஓட்டினால் தண்ணீர் முழுவதும் வெளியில் பாய்ந்துவிடும். ஆகவே அரை வேகத்தில் ஓட்டினார். பிறகு, வேகம் இரட்டித்தால் எண்ணெயும் இரட்டிக்கும் என்று பெருக்கி முடிவெழுதினார். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

நான் கடற்கரைப் பிள்ளை. கல்லூரியில் அவருக்குக் கீழே போதனாசிரியராகவும் இருந்தேன். சொன்னேன். பரலுக்குள் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி நுரையைத்தான் அடிக்கிறது சேர், அதில் சுமையே இல்லை. கடலில் வேகம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு கேட்கும். போதாக்குறைக்கு இந்த எஞ்சின் பாதி எண்ணெயை எரிக்காமலே புகையோடு துப்புகிற சாதி. அவர் கேட்கவில்லை. அவருடைய கணக்கை வைத்தே, எண்ணெயின் வெப்பத்தில் எவ்வளவு வலுவாய் வருகிறது என்ற வினைத்திறனைப் போட்டுக் காட்டினேன். "சேர், உங்கடை கணக்குப்படி இந்தச் சின்ன எஞ்சின் கப்பல் எஞ்சினையும் வெல்லுது. உப்பிடி உலகத்திலை நடக்குமோ?" அவருடைய பேச்சையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் சிரித்தார். "பிள்ளை, உங்கடை ஆக்கள் எப்பவும் கூட்டித்தான் கேப்பினம். நீயும் அவையோடை சேந்து கதைக்கிறாய்." அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். உங்கடை ஆக்கள்! எத்தனை படித்தாலும், வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் போட்டாலும், கரை ஆட்களைப் பற்றி மனதில் வைத்திருப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியில் வந்துவிடும். அன்றைக்கு அவர் அளந்தது எண்ணெயை அல்ல, எங்களை. எவ்வளவு பொய் சொல்லுவோம் என்று முதலே முடிவுகட்டி, அதைக் கழித்துக்கொண்டுதான் அவர் கணக்கே தொடங்கினார்.

அந்தக் கணக்குப்படிதான் எண்ணெய் கொடுத்தார்கள். சோளகக் காற்று எழும்பிய காலம். சோளகம் எங்கள் கரையில் இருந்து கடலை நோக்கி வீசும். போகும்போது தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். என்ரை அண்ணை தொழிலுக்குப் போய்த் திரும்புகையில் கரையின் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. காற்று அவரைத் திரும்பவும் கடலுக்குள்ளே கொண்டுபோனது. விடிந்தும் ஆள் இல்லை. அண்ணையின் மனைவி, என் மச்சாள், கரையில் மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கத்தினா. மறுநாள் பின்னேரம் வேறொரு படகு அவரைக் கட்டி இழுத்து வந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, குரல் இல்லாமல் வந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். கணக்கில் பிழை வரும், மனிதனுக்குத்தானே பிழை வரும். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள் அளவைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்கப் போன கூட்டத்தில், சேர் எழும்பி நின்று சொன்னார்: "கணக்குச் சரி. குடுத்த எண்ணெய் வழியிலை எங்கையோ இறங்கியிருக்கு." அண்ணை கடைசி வரிசையில் நின்றார். உதட்டுக் காயம் ஆறவில்லை. அவரால் வாயைத் திறந்து கதைக்கவே முடியாது. சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. பாவி மனிதர், ஒரு சொல்லில் சாவுக்குத் தப்பி வந்தவரைக் கள்ளனாக்கிவிட்டார்.

அடுத்த கிழமை நான் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயைச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அண்ணை படகை இறக்கினார். குழாயைப் படகின் குறுக்குப் பலகையோடு கட்டி, காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் ஓடி அளந்தேன். இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். எடுத்துப்போட்டு அளந்தேன். வந்த விடை சேருடைய விடையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். எழுதிக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். படித்தார், நிதானமாய்க் கடைசிவரை படித்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "படகை ஓட்டினது உன்ரை அண்ணைதானே?"

அதற்குப் பிறகு எண்ணெய்க் கப்பல்கள் வந்தன, வரிசைகள் கலைந்தன, யாரும் கணக்குக் கேட்கவில்லை. அண்ணைக்கு ஒட்டின பெயர் மட்டும் கலையவில்லை. இப்போதும் தேத்தண்ணிக் கடையில் யாராவது பகிடியாய், "அண்ணை, எண்ணெய் இருக்கோ விக்கிறதுக்கு?" என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பார்.

முந்தாநாள் சேரின் மகள் திரும்பவும் போன் எடுத்தார். "எழுதிட்டியளோ அக்கா?"

"இல்லைத் தங்கச்சி. நான் எழுதினால் நீங்கள் போடமாட்டியள்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அப்பா உங்களைப் பற்றி எவ்வளவு பெருமையாய்க் கதைக்கிறவர் தெரியுமோ? அவள் கடல்லை போய் அளந்த கணக்குத்தான் சரி, அவளுக்குக் கோவம்தான் கூட எண்டு சாப்பாட்டு மேசையிலை எத்தினை தரம் சொன்னவர்."

தெரிந்திருக்கிறது! மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சபையில் கள்ளன், சாப்பாட்டு மேசையில் சரி. சோற்றுக்கும் கறிக்கும் கேட்கும்படி அதைச் சொல்லியிருக்கிறார். அண்ணைக்குக் கேட்கும்படி சொல்ல அவருக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. புத்தூரில் இருந்து எங்கள் கரைக்கு பஸ் ஓடுகிறது. அவர் பிழை விட்டதற்கு அல்ல, பிழையை வீட்டுக்குள்ளே பூட்டி வைத்ததற்குத்தான் நான் அவரை மன்னிக்கமாட்டேன்.

"தங்கச்சி," என்றேன், "எனக்குப் பக்கம் வேண்டாம். இப்ப நீங்கள் சொன்னதை அப்பிடியே கல்வெட்டிலை போடுங்கோ. கடல் கணக்குத்தான் சரி எண்டு அப்பா சொன்னவர் எண்டு போட்டால், படகுக்காரன் எண்ணெய் விக்கேல்லை எண்டு ஊருக்கு விளங்கும். அவ்வளவும் காணும், வேறை வேண்டாம்."

"எங்கடை அண்ணாமாரைக் கேட்டுச் சொல்லுறன் அக்கா," என்று வைத்துவிட்டார். இதுவரை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார். தகப்பனுடைய பிள்ளைதானே.

நேற்று ஆய்வுகூடத்துக்குப் பின்னால் புது விரிவுரையாளர் ஒருவர் அந்தப் பரலில் எஞ்சினைக் கொளுவி, அளவுக் குழாயோடு நின்றார். சேருடைய முறை என்று பெருமையாய்ச் சொன்னார். எஞ்சினை நிற்பாட்டச் சொன்னேன். பரலைத் துடைத்தேன். அறைக்குள் கிடந்த வெள்ளைப் பெயின்றை எடுத்துவந்து, அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இது கடல் இல்லை.

பெயின்ற் காய்வதற்கு முதல் ஒரு படம் பிடித்துச் சேரின் மகளுக்கு அனுப்பினேன். அவரைப் பற்றி நான் எழுதித் தருகிற பக்கம் அதுதான்.