பொதுப் பட்டாலையில் ஒரு ஜெர்மன் ரயில்

ராயவரத்தில் கண்ணப்பனின் பூர்வீக வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அதில் அவர் பங்குக்கு வந்தவை இரண்டு அறைகள். மற்ற அறைகளைப் பங்காளிகள் பூட்டிவிட்டுக் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். முற்றமும் அதைச் சுற்றியுள்ள பட்டாலை என்னும் அகலத் தாழ்வாரமும் எல்லோருக்கும் பொது. பொது என்றால் யாரும் எதையும் வைக்கக் கூடாத இடம் என்று பொருள்.

அந்தப் பட்டாலையில்தான் கண்ணப்பன் ரயில் விட்டார்.

சென்னையில் ஒரு டயர் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டில் இருக்கும் மகள் அபிராமியைப் பார்க்கப் போனபோது அவள் கோட்டை காட்டினாள், ஏரி காட்டினாள். அவர் ஒரு கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே ஒரு குட்டி ரயில் சிக்னலில் நின்று, எதிரே வந்த ரயிலுக்கு வழிவிட்டு, பிறகு தானாகப் புறப்பட்டது. யாரும் யாரையும் திட்டாமல் இப்படி ஒரு காரியம் நடக்க முடியும் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. திருமயம் வழியாகப் போகும் நிஜ ரயிலில் அவர் ஏறியதே இல்லை. பஸ்தான் வசதி.

அதன்பின் அபிராமி ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் பெட்டியில் எஞ்சினும் தண்டவாளமும் வந்தன. முதலில் தன் அறைக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். ரயில் திரும்புவதற்குள் சுவர் வந்துவிட்டது. மனைவி சேதுலட்சுமியிடம் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லி மேசைகளைப் பட்டாலைக்கு நகர்த்தினார். அந்தக் கொஞ்ச நாள் மூன்றாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. செங்கல் அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணைக் கூப்பிட்டால் அந்த எஞ்சின் மட்டும் நகரும். கூடவே வந்த புத்தகம் இவ்வளவும் சொன்னது. முற்றத்து வெயில் மதியத்தில் பட்டாலைக்குள் நீளும்போது தண்டவாளமும் நீண்டு, ஒன்றையொன்று முட்டி வளையும் என்று அது சொல்லவில்லை. கண்ணப்பன் எல்லாவற்றையும் கழற்றி, இணைப்புகளில் நூலளவு இடைவெளி விட்டு, இடைவெளியைத் தாண்டி ஒயர் பற்றவைத்தார். பனிமலையும் அதன் குகையும் சிவப்புக் கூரை வீடுகளும் அதற்குப் பிறகுதான் வந்தன. மலையிலிருந்து இறங்கும் பாலத்தில் மட்டும் ஒற்றைத் தடம். அங்கே ஒரு வண்டி நின்றால்தான் இன்னொன்று போக முடியும். அவர் மிகவும் ரசித்த இடம் அதுதான்.

வீடு கூட்ட வரும் மூக்காயி மட்டும் அதை நிஜ ரயிலுக்குச் சமமாக நடத்தினாள்.

"அய்யா, குகைக்குள்ள பல்லி படுத்திருக்கு. எறங்குற ஊரு வந்துருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

மாசி மாதத்தில் கோவையிலிருந்து அழகு போன் செய்தார். பங்காளிகளில் மூத்தவர்.

"தம்பி, ரெண்டு படைப்புக்குத் துணி போட்டு மூடி வச்சே, விட்டுட்டோம். இந்தப் படைப்புக்கு எல்லாரும் வாரோம். பொது எடத்துல ஒருத்தர் சாமான் கெடக்கக் கூடாது. நீயா எடுத்துட்டா மரியாதை. இல்லாட்டி கூடிப் பேசித்தான் எடுக்கணும்."

முன்னோருக்கு வருஷந்தோறும் படையல் போடும் நாளில்தான் பங்காளிகள் கூடுவார்கள். அன்று முடிவானால் மறுபேச்சு இல்லை. மேசையை எடுத்தால் வைக்க வேறு இடமில்லை. பற்றவைத்ததை அறுத்துப் பிரித்தால் மறுபடி சேர்க்கக் கண்ணப்பனின் கண்ணும் கையும் ஒத்துழைக்காது. எனவே எடுக்கவில்லை. ரயில் ஓடுவதைப் பார்த்தால் மனம் மாறிவிடுவார்கள் என்று நம்பினார்.

படைப்பு முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் பட்டாலையில் உட்கார்ந்தார்கள். கண்ணப்பன் ஓட்டிக் காட்டினார். இரண்டு ரயில்கள் பாலத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒரு பிசகும் இல்லாமல் சுற்றி வந்தன. அழகு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஓட்டுறே, நாங்க எதுக்கு எடம் விடணும்?"

கண்ணப்பனுக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது. அதுதான் வினையாயிற்று.

"நான்தான் ஓட்டணும்னு இல்லேண்ணே. ஒங்க போன்லயே ஓட்டலாம்."

அழகின் போனை வாங்கி, அதில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும் ஆப்பை ஏற்றி, ஓர் எஞ்சினின் எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தார். அழகு விரலை நகர்த்தினார். சிவப்பு எஞ்சின் நகர்ந்தது. அழகின் முகமும் நகர்ந்தது.

"ஏண்ணே, எனக்கு?" என்றார் கடைசிப் பங்குக்காரர் வயிரவன். பெங்களூரில் பேங்க் மேனேஜர்.

அடுத்த அரைமணியில் பங்குக்கு ஓர் எஞ்சின் என்று பிரிந்தது. யாரும் அவர்களுக்குச் சிக்னலைப் பற்றிச் சொல்லவில்லை. பாலத்தின் நடுவில் வயிரவனின் சரக்கு வண்டியும் அழகின் சிவப்பு எஞ்சினும் நேருக்கு நேர் வந்து நின்றன.

"பின்னுக்கு எடுப்பா! மூத்தவன் வாரேன்ல?"

"நான் மொதல்லயே பாலத்துல ஏறிட்டேண்ணே. நீங்க அங்கிட்டுப் போங்க."

"எங்கிட்டுப் போறது? பின்னாடி இன்னொரு பங்குக்காரன் வண்டி நிக்குதே!"

கண்ணப்பன் இரண்டு கையாலும் வண்டிகளைத் தூக்கி வைத்தார். சாயங்காலம்வரை தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

இருட்டுவதற்குள் முடிவு ஒருமனதாக வந்தது. ரயில் பட்டாலையிலேயே இருக்கலாம். பொது இடத்தில் இருப்பதால் அது பொதுச் சாமான். பொதுச் சாமான் என்றால் கோயில் நகை, பந்திப் பாத்திரம் போல முறை வைத்துக்கொள்ள வேண்டும்: வருஷத்துக்கு ஒரு பங்கு, மூத்த பங்கிலிருந்து.

"ஒனக்குச் சம்மதந்தானேப்பா?" என்று அழகு கேட்டார்.

மேசை தப்பித்த சந்தோஷத்தில் கண்ணப்பன் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் அழகு காரில் ஏறும்போது அவர் மடியில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. முறைக்காரர் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது வழக்கம். ரயிலுக்குச் சாவி இல்லாததால் அதற்குச் சமமானதை அவர் யோசித்துக் கழற்றியிருந்தார். ஒயர்களையெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். கண்ணப்பன் பங்கு வரிசையில் ஐந்தாவது.

அடுத்த வாரம் கோவையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பூஜை அலமாரியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டுடன் பெட்டி.

"பத்திரமா இருக்கு" என்று கீழே எழுதியிருந்தது.

கண்ணப்பன் ஈரமில்லாத துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடாத ரயிலுக்கும் தூசு படியும். சேதுலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"அபிராமி அடுத்த மாசம் வாராள்ல? இன்னொரு பெட்டி வாங்கிட்டு வரச் சொன்னா என்ன?"

"வரச் சொல்லலாம்" என்றார் கண்ணப்பன், துணியை உதறியபடி. "வந்தா அதை எங்க வைக்கிறது? இந்தப் பட்டாலையிலதானே வைக்கணும்?"