கப்பலில் கட்டிய சேலைத்துணி

கதிரவெளிக் கரையில் எனக்கென்று ஒரு கப்பல் இருந்தது. மூன்று நாள்தான். அதற்குள் நானே அதைக் கெடுத்துவிட்டேன்.

வாடைக்காற்று தொடங்கியிருந்தது. விடியற்காலை விறகு பொறுக்கப் போனபோது, இரண்டு பாய்மரம் வைத்த சின்ன மரக்கப்பல் ஒன்று மணல்திட்டில் ஏறிச் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். ஆளில்லை. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஒதுக்கிய பொருளை முதலில் கண்டவர் அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டால், அவர் வந்து அவிழ்க்கும்வரை வேறு யாரும் கைவைக்கமாட்டார்கள். மரக்கட்டைக்கும் பீப்பாய்க்கும் உள்ள வழக்கம்தான். நான் சேலைத் தலைப்பைக் கிழித்து, கப்பலில் தொங்கிய கயிற்றில் முடிச்சுப் போட்டேன். பாதி ஆசை, பாதி பகிடி. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கப்பல்காரியாகிவிட்டேன்.

சொல்லிச் சிரிக்க வீட்டில் ஒருவரும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம்; பிள்ளைகள் வெளிநாட்டில். அதனால் கதவைப் பூட்டிவிட்டுச் செங்கலடியிலிருக்கும் தங்கையிடம் பஸ் ஏறினேன். மாலைப் பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே கேட்க ஆளிருந்தது. சொல்லச் சொல்லக் கப்பல் முழம் முழமாக நீண்டது. இரண்டு இரவு தங்கிவிட்டேன்.

கப்பலுக்கு ஆள் இருந்தது. தனியாக அதில் வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர். நான் வருவதற்கு முன்பே நீந்திக் கரையேறி, உதவி தேடி மட்டக்களப்புக்குப் போயிருக்கிறார். உதவி கிடைக்காமல் மத்தியானம் திரும்பி, கரைவலை இழுப்பவர்களிடம் கையால் காட்டிக் கெஞ்சினாராம். வலையை இழுப்பதுபோல எல்லோரும் சேர்ந்து இழுத்தால் கப்பல் ஆழத்துக்கு இறங்கிவிடும். அவர்களும் தயார். கயிற்றைத் தூக்கிய தலைவன் முடிச்சைக் கண்டான். சேலை யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரர் நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டியும், கட்டினவள் வரட்டும் என்று மாலைப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். பஸ் வந்தது. நான் வரவில்லை. அன்றிரவு காற்று எழும்பிக் கப்பலின் அடிமரத்தை முறித்தது.

நான் வந்து சேர்ந்தபோது கப்பலுக்குள் பாதிக்கு மணல்.

"எங்க மாமி போன நீங்க?" என்றான் தலைவன். "போன் உங்கட வீட்டுக்குள்ள கிடந்து அடிக்குது, எங்களுக்குக் கேக்குது."

"அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டுப் போனன் மனே. எலி எடுத்துக் கதைச்சிடுமெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்து தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு கேத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீசு தெரிஞ்ச மாஸ்டர் இண்டைக்குத்தான் வந்து கதைச்சவர்," என்றான். "அந்தாளுக்கு வேற வீடில்லையாம் மாமி. இதுதான் வீடாம்."

தண்ணீரில் இறங்கினேன். நனைந்த முடிச்சு இறுகியிருந்தது. மிச்சமிருக்கும் பற்களால் கடித்து அவிழ்த்தேன். அதன் பிறகுதான் ஆண்கள் கப்பலில் கைவைத்தார்கள். பாய்மரம், பாய், பலகை என்று ஐந்து நாள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். கப்பலாக எதுவும் சேரவில்லை.

அந்த ஐந்து நாளும் அவர் என் வீட்டு விறாந்தையில் படுத்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையிடம் கப்பலை நீட்டியதையும் மறைக்கவில்லை. தலையாட்டிக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்காதவர்தான், என் கதையை முழுக்கக் கேட்ட ஒரே மனிதர். கடைசியில், "நான்தான் ஐயா கட்டினது," என்றேன். அவர் என் சேலையின் கிழிந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு பையும் அந்தக் கேத்தலுமாகப் பஸ் ஏறினார். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கப்பலின் சின்னக் கதவு என் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கைப்பிடியில் அவருடைய நீலச் சட்டைத் துணி, முடிச்சோடு.

என் அடுப்படிக்குக் கதவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது. அளவெடுத்ததுபோல் அந்தக் கதவு அங்கே பொருந்தும்.

"அவர் இனி எங்க வரப்போறார் மாமி? அவிழ்த்துப்போட்டுக் கதவை அடுப்படிக்கு மாட்டுங்க," என்றான் தலைவன்.

"கட்டுக் கிடக்குது மனே. கட்டினவர் வரட்டும்."

இந்த வாடைக்கும் சாக்கு பறந்துவந்து முகத்தில் அடிக்கிறது. மாலைப் பஸ் வரும் நேரம் போனைப் பானையிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறேன். அவரிடம் என் நம்பர் இல்லை.