பாதி மொட்டை

முருகன் அடியார்களே, இதை எழுதுகிறவன் பெரிய பக்தன் அல்ல. கார்த்திகை விரதம் இருப்பேன். பகலில் விட்டதை ராத்திரி இட்லியில் பிடித்துவிடுவேன். ஆனாலும் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

கல்கத்தாவில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அது எனக்கு மூன்றாவது ஆடி மாதம். ஆபீஸ் பந்தாட்டக் குழுவில் பின்வரிசையில் நிற்பேன். எங்கள் குழுவில் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஆடுவோம். என் காலை யாரும் மெச்சியதில்லை. என் தலைக்குத்தான் மதிப்பு. வருகிற பந்தை முட்டி அனுப்பிவிடுவேன்.

“குரு பாபுவுக்கு என்ன பயம்? தலையிலேயே தலகாணி கட்டிக்கிட்டு வந்திருக்கார்” என்று எங்கள் கேப்டன் ஹரேன்தா என் குடுமியைக் காட்டிச் சிரிப்பார். நானும் அதை நம்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மழையில் ஊறிய மைதானம். சாந்த்ராகாச்சிப் பக்கத்திலிருந்து வந்த, பூட்ஸ் போட்டு ஆடும் ஒரு குழுவோடு ஆட்டம். தாழ்வாக வந்த பந்தை முட்டக் குனிந்தேன். எதிரியின் பூட்ஸ் காலும் அதே பந்துக்கு வந்தது. அதற்குப் பந்து கிடைக்கவில்லை. என் குடுமிதான் கிடைத்தது.

எழுந்து கடைசிவரை ஆடினேனாம். இரண்டு கோல் தடுத்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவோடு இருந்த நாட்களில் நான் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை.

வலித்திருந்தால் வைத்தியரிடம் போயிருப்பேன். வலிக்கவில்லை. எதுவுமே இல்லை. அடுப்பில் ரசம் தீய்ந்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாசனை தெரியவில்லை. குழந்தை மீனாட்சி என் காலடியில் தடுக்கி விழுந்து அழுதாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அவ்வளவுதான். கை நீளவில்லை. என் மனைவி தங்கம் ஓடிவந்து தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“இன்னிக்கு என்ன கிழமை?” என்றேன்.

“மூணாவது தடவை கேக்குறீங்க.”

அந்தச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் வேண்டாம் என்றேன். அதில்தான் அவளுக்குச் சந்தேகம் முற்றியது.

“டாக்டர்கிட்ட போயி தலையைக் காட்டுங்க.”

“உள்ளே ஒண்ணுமில்லைம்பாரு. அதை எங்க வாத்தியார் அப்பவே சொல்லிட்டாரே.”

அவள் சிரிக்கவில்லை. சொன்ன எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரைச் சிரிக்க வைத்துத் திரிந்தவனுக்கு அதுதான் முதல் பயம். பயமும் சரியாக வரவில்லை. பயப்பட வேண்டும் என்று தோன்றியதோடு சரி.

அடுத்த சனிக்கிழமை கோப்பைக்கான ஆட்டம். வியாழக்கிழமை ஹரேன்தா வீட்டுக்கே வந்துவிட்டார். “குரு பாபு, அந்தத் தலை இல்லாம நாங்க ஜெயிக்க முடியாது. மறந்துடாதீங்க.” மறதிக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று விளக்கேற்றியதும் பழனியாண்டவர் படத்தின் முன் நின்றேன். அழுது பார்த்தேன், வரவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதுவதுபோல் மனசுக்குள் சொன்னேன். “முருகா, எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சனிக்கிழமை ஆட நிற்கும்படி தலையைச் சரியாக்கு. என் முடி உனக்கு.”

காரியம் முடிந்த பிறகுதான் முடி கொடுப்பார்கள். நான் முந்திக்கொண்டேன். முதலிலேயே எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டால் அவரால் தட்ட முடியாதே!

“பழனிக்குப் போயில்ல குடுக்கணும்?” என்றாள் தங்கம்.

“சனிக்கிழமைக்குள்ள போயிட்டு வர ரயில் இல்லையே.”

வெள்ளிக்கிழமை காலை நாவிதர் பாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். வயதான ஹிந்துஸ்தானிக்காரர். அவர் பாஷையில்தான் பேச்சு. இடப்பக்கம் முடித்துவிட்டு உச்சிக்கு வந்தவர் கத்தியை நிறுத்தினார்.

“பாபு, வலிக்குதா?”

“எங்கே?”

“இங்கேதான் அழுத்திக்கிட்டிருக்கேன்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கத்தியை மடக்கிப் பெட்டியில் போட்டார். “இனி இந்தத் தலையில கத்தி வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“வேண்டுதல் ஐயா, பாதியில் விடக்கூடாது” என்று வாதாடினேன். அவர் தங்கத்தைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினார். அவள் விரல் வைத்துப் பார்த்தாள்.

“பள்ளமா இருக்குங்க.”

அவளே தெருமுனைக்கு ஓடினாள். குதிரை வண்டி வந்தது. பாதி மொட்டையும் பாதிக் குடுமியுமாகக் கல்கத்தா வீதிகளில் ஊர்வலம் போனேன். வெட்கம்கூட வரவில்லை.

வங்காளி டாக்டர் பார்த்தார். “நாவிதன் பாதி வேலையை முடித்தே அனுப்பியிருக்கிறான்” என்றார். பிறகு முகம் மாறியது. “எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. நாளை நீ ஆடப் போய் இதே இடத்தில் ஒரு பந்து பட்டால், நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன். உன் மனைவியோடுதான் பேச வேண்டியிருக்கும்.”

குளோரோபாரம் கொடுத்து எலும்பைத் தூக்கிவிட்டார்கள்.

நாலாம் நாள் விடியும்போது வலி வந்தது. மண்டையே பிளப்பதுபோல் வலி. “ஐயோ” என்று கத்தினேன். கத்தியது என் குரல்தான் என்று புரிந்ததும் கண்ணீர் கொட்டியது. நர்ஸம்மா மருந்தோடு ஓடிவந்தாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கையால் தடுத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஹரேன்தா சந்தேஷ் மிட்டாய் வாங்கி வந்தார். “ஏழு கோல் வாங்கினோம்” என்றார். என் தலையைப் பார்த்தார். தலகாணிப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவர் போனதும் தங்கத்திடம் குறைப்பட்டேன். “நான் கேட்டதை முருகன் குடுக்கலையே.”

“நீங்க மட்டுந்தான் கேட்டீங்களா? நானும்தான் கேட்டேன்.”

“என்ன கேட்டே?”

“இந்த மனுஷன் தலையில என்ன இருக்குன்னு யாரோ ஒருத்தர் கண்ணுக்காவது காட்டிரு முருகான்னு.”

எங்கள் வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்று ஆண்டவருக்கும் தெரிந்திருக்கிறது.

மீதிப் பாதி முடி அவருடைய சொத்து. அதனால் தொடவில்லை. தைமாதம்வரை ஆபீஸில் தலைப்பாகையோடு உட்கார்ந்தேன். இப்போது நான் பந்தாடுவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். தலையில் அடிபட்டவன் “ஒன்றுமில்லை” என்று சொன்னால், அவனை முதலில் இழுத்து உட்கார வைப்பது நான்தான். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அடியார்களே, இன்னது கொடு என்று நான் கேட்டேன். உள்ளதைக் காட்டு என்று அவள் கேட்டாள். நீங்களும் அவளைப்போல் கேட்டுப் பாருங்கள். பதில் நாவிதர் கையிலிருந்தும் வரும்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாசனை வரவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி மலையில் நின்றபோதும் சாம்பிராணி மணக்கிறது என்று தங்கம் சொல்லித்தான் தெரிந்தது. முடியை இறக்கிவிட்டு முழு மொட்டையாகக் குழந்தையைத் தூக்கினேன். மீனாட்சி அதைப் பார்த்துவிட்டு, பிஞ்சுக் கையால் பளாரென்று ஒன்று வைத்தாள்.

வலித்தது. “முருகா!” என்றேன்.