டிரெய்லர் இல்லாமல் ஒரு மைல்

டிராக்டர் வாங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளின் நடுவில், ஒலக்கூர் பக்கத்தில் விவசாயம். டிரெய்லரை எப்படிப் பூட்டுவது என்று தெரிந்துகொள்ள விழுப்புரத்தில் ஓர் உதிரிபாகக் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மூன்று வகை இணைப்புகளைக் காட்டினார். அன்று முதல் நான் நிபுணன்.

என் சொற்பொழிவில் மாட்டிக்கொண்டவர்கள் இருவர். ஒருவர் எங்கள் வயலில் வேலை பார்த்தவர், இன்னொருவர் கல்யாணமாகி மூன்று மாதமே ஆகியிருந்த என் மனைவி.

"ஜீப்புக்குப் பின்னால பந்து மாதிரி ஒரு குமிழ் இருக்கும். டிரெய்லரோட கிண்ணம் அதுமேல உக்காரும். மிலிட்டரி லாரின்னா கொக்கி. வளையத்த மாட்டி மேல மூடிடுவாங்க. நம்மளுது ரெண்டு தகடு. நடுவுல வளையத்த வச்சி மேலேர்ந்து பின்னு போடணும்."

"சோறு ஆறிக்கினு இருக்குதுங்க" என்றாள் மனைவி.

அந்த வாரமே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளைத் திண்டிவனத்துக்கு ஏற்றினோம். பின்னை நானே போட்டேன். வேலைக்காரர் குனிந்து பார்த்தார்.

"பின்னு எகிறாம அடியில கிளிப்பு மாட்டலீங்களே?"

"இவ்ளோ கனமான பின்னு எங்க போவப்போவுது? ஏறுங்க."

அவரும், திண்டிவனத்தில் தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட மனைவியும் மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். வாய்க்கால் மேட்டில் ஒரு குலுக்கல். அதற்குப் பிறகு வண்டி பூப்போல ஓடியது. கியர் போடும் நுணுக்கம் கைவந்துவிட்டது என்று பூரித்தேன். பின்னாலிருந்து கத்தும் சத்தம் லேசாகக் கேட்டது. உற்சாகம் போலிருக்கிறது என்று, திரும்பாமலே கையை ஆட்டினேன்.

நாங்கள் புறப்பட்டதை ஊரில் பார்த்துவிட்டு சைக்கிளில் முன்னால் வந்திருந்த ஒருவர், ஒரு மைல் தள்ளி டீக்கடையில் நின்றபடி கேட்டார்: "மூட்ட மேல உக்காந்துக்கினு வந்தவங்கள எங்க வுட்டீங்க?"

அப்போதுதான் திரும்பினேன். பின்னால் வெறும் ரோடு.

டிராக்டரைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன். டிரெய்லர் மூக்கு மண்ணில் குத்தி நின்றிருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இரண்டு மூட்டை கிழிந்து மல்லாட்டை சிதறிக் கிடந்தது. மனைவி புடவையில் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க கத்துறோம், நீங்க டாட்டா காட்டிக்கினு போறீங்க!"

வேலைக்காரர் மேட்டுப் பக்கம் போய்த் தேடி, பின்னை எடுத்துவந்தார். வழியில் போனவர்கள் கைகொடுக்க, மூட்டைகளை இறக்கினோம். அடுத்து டிராக்டரை ரிவர்ஸில் எடுத்து, தகடுகளுக்கு நேராக வளையம் வரும்படி நிறுத்த வேண்டும். ஒருமுறை ஒரு முழம் இடப்பக்கம், மறுமுறை ஒரு முழம் வலப்பக்கம். எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. ரோட்டில் நின்றவர்கள் எண்ணியிருப்பார்கள்.

கடைசியில் வேலைக்காரர் பொறுமையிழந்தார். "நீங்க அசையாம நில்லுங்க. டிரெய்லர நாங்க தள்ளிக்கினு வர்றோம்."

மனைவியும் சேர்ந்து தள்ளினாள். ஒரே தள்ளில் பொருந்திவிட்டது. மூட்டைகளை மறுபடி ஏற்றி முடித்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

"ஏறலியா?"

"நான் பஸ்ல வர்றேன்."

கொஞ்ச நேரத்தில் அந்த பஸ் ஹாரன் அடித்து என்னை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.